எத்தனை நாளாய்

திருகோணமலை பஸ் நிலையத்தில்
எல்லாப் பஸ்ஸுக்கும் வாய் என்னுடையது.
"ஐந்து நாற்பதுக்கு வவுனியா" என்று தொடங்கி
'வவு'வில் முறிந்தேன் ஒருநாள்.
ஒலிபெருக்கி நாலும் சேர்ந்து இருமின.
கடலைக்கடை ஓரம் கடதாசி தின்றுகொண்டிருந்த
புள்ளிமான் தலை தூக்கிப் பார்த்தது.

அன்றிலிருந்து எனக்கு வைத்தியம் சொல்லாதது
அந்த மான் மட்டும்தான்.

கிண்ணியாவுக்குப் போக நின்ற சுலைஹா உம்மா
கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிக்கச் சொன்னார்.
டீசல் புகை என்றான் நடத்துனர் நிஹ்மத்,
புகைத்தபடி.
பார்மசிக்காரர் ஒன்றும் கேட்காமல்
சிவப்புப் பாணி ஒரு போத்தல் நீட்டினார்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளி என்றார்
பெயர் தெரியாத பயணி ஒருவர்.
தவமலர் சாம்பிராணியை நிறுத்தினாள்,
தலையணையை உயர்த்தினாள்,
பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல்
தன் பாயை அறைக்கு வெளியே விரித்தாள்.
அதுதான் சுட்டது.

வறட்டு இருமல். சளியில்லை, காய்ச்சலில்லை.
தொண்டைக்குள் ஒரு தும்பு.
படுத்தால் அசையும். பேசினால் அசையும்.
பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மைக்குக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது,
அமத்தினால் ஊருக்குக் கேட்காது.
நெஞ்சுக்கு அப்படியொன்றும் வைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் துண்டெடுத்து
வாங்கில் இரண்டு மணித்தியாலம்.
டொக்டர் முதலில் கேட்டது:
"எத்தனை நாளாய்?"

இருபத்திரண்டு வருஷமாய்
ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நிமிடம் நீல மையில்,
போன நிமிடம் சிவப்பு மையில் எழுதுகிறவன் நான்.
கந்தளாயில் டயர் வெடித்து ஏழு நிமிடம் பிந்தினாலும்
காரணம் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறவன்.
"கனநாளாய்" என்றேன்.
அவர் பேனை எழுதாமல் நின்றது.

இரண்டு கிழமைக்கு மேலா? மேலே.
துப்பினால் இரத்தம்? இல்லை.
படியேற மூச்சு முட்டுதா? இல்லை.
பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு?
இல்லை, இல்லை, வயிற்றைப் பாருங்கோ.
"இதில் ஒன்றுக்கு ஓம் என்றால்
நாள் எண்ணாமல் அன்றைக்கே வரவேணும்.
எல்லாம் இல்லையென்றாலும்
மூன்றாம் கிழமை தொடங்கமுதல் வரவேணும்."
குழாய் முதுகில் குளிர்ந்தது.
படம் எடுத்தார்கள். படம் துப்புரவு.
சளிக்குத் தந்த போத்தலில்
துப்ப எதுவும் வரவில்லை.
பிறகு, எழும்பப்போன என்னிடம் கேட்டார்:
"வேறு குளிசை ஏதும் போடுறீங்களா?"

சட்டைப்பையில் மடித்த கிளினிக் கார்ட்.
தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை தொடங்கிய பிரஷர் குளிசை.
ஒருநாளும் பிந்தாமல் போட்டது,
எந்தப் பஸ்ஸும் காட்டாத ஒழுங்கில்.
அவர் கார்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.
"ஆள் இதுதான். சிலருக்கு இருமல் கொண்டுவரும்.
நீங்களாய் நிறுத்திப்போடாதேங்கோ, மாத்தித் தாறன்.
போகக் கொஞ்சக் கிழமை எடுக்கும்."

எடுத்தது.
ஐந்தாம் கிழமை ஒரு விடியலில்
தும்பைத் தேடினேன், காணவில்லை.
தவமலர் பாயை உள்ளே கொண்டுவந்தாள்,
அதையும் ஒரு சொல்லும் சொல்லாமல்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
இப்போது தனியாகக் கோடு போட்டிருக்கிறேன்.
வவுனியா சாரதி ஞானப்பிரகாசம்.
முதல் கேட்டது ஜூன் மூன்று.
என்னுடையது போலில்லை, ஈரமானது,
அடிக்கிணற்றிலிருந்து வாளி இழுபடுவது போல.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
கழுத்துத் துவாய் விடியப்புறக் குளிரிலும் நனைந்து.
பதினெட்டாம் நாள் கையெழுத்து வைக்க வந்தவனுக்கு
அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.
"விசரா உனக்கு?" என்றான்.
வாசித்தான்.
பேனையைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி வாசித்தான்.

சுவிட்சைப் போடுகிறேன்.
ஐந்து நாற்பது வவுனியா பஸ்
இன்று வேறொரு சாரதியுடன்
பதினொரு நிமிடம் பிந்திப் புறப்படும்.
காரணம் என் கொப்பியில் இருக்கிறது.